பத்துப் பேரில் எட்டுப் பேர்

சிந்துஜாவுக்குப் பொறாமை வந்தால் முதலில் பசி போய்விடும். சின்ன வயதிலிருந்தே அவளுக்கு இருக்கிற வியாதி இது. பிரிக்ஃபீல்ட்ஸில் சொந்தக்காரர்கள் கூடுகிற எந்த விசேஷமாக இருந்தாலும், பெரியப்பா மகள் ஜனகாவுக்குப் பரீட்சையில் எத்தனை 'ஏ' வந்தது என்று யாராவது வாயைத் திறந்தால் போதும், இவள் தட்டைத் தள்ளி வைத்துவிடுவாள். அம்மா பூமணி ஒன்றும் கேட்கமாட்டார். மிச்சத்தை மூடி வைத்துவிட்டு, "இன்னிக்கு யாரைப் பார்த்துட்டு வந்த பிள்ளை?" என்பார்.

இப்போது சிந்துஜாவுக்கு வயது முப்பத்திரண்டு. ஜனகா கல்யாணம் கட்டி பெர்த்துக்குப் போய் ஏழு வருஷம் ஆகிறது. வியாதி மட்டும் இங்கேயே தங்கிவிட்டது. இந்த வருஷம் சோற்றைத் தள்ள வைத்தவள் பெயர் ருமானா.

அதற்கு முன் சிந்துஜாவைப் பற்றி நாலு வார்த்தை நியாயமாகச் சொல்லிவிடணும், இல்லாவிட்டால் இவளை வெறும் வயிற்றெரிச்சல்காரி என்று நினைத்துவிடுவீர்கள். அப்பா கிருபானந்தன் அரசாங்கச் சுகாதார இலாகாவில் முப்பத்தைந்து வருஷம் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்தவர். எந்த வட்டாரத்தில் எத்தனை பேருக்கு டெங்கி, எத்தனை பேருக்கு டைஃபாய்ட் என்று ரெஜிஸ்டரில் எழுதி, மொத்தத்துக்குக் கீழே ஸ்கேல் வைத்து இரட்டைக்கோடு இழுத்தவர். மகள் அந்த ரெஜிஸ்டர்களைப் பார்த்தே எண் கற்றாள். பட்டம் வாங்கி, சுங்கை பூலோவில் ஒரு கிளினிக்கில் ஆறு வருஷம் சுகாதார அதிகாரியாக ஓடினாள். வீடு வீடாகப் போய் கொசு வளரும் பூந்தொட்டித் தண்ணீரைக் கொட்டி, சண்டை போட்டு, திட்டு வாங்கி, ஒருநாள் போதும் என்று எழுதிக் கொடுத்துவிட்டு டாக்டர் பட்ட ஆராய்ச்சிக்கு வந்தவள். விளையாட்டுக்கு வந்தவள் இல்லை.

பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவர்களையே பிடித்து, கீழ்வகுப்புப் பிள்ளைகளுக்கு டியூட்டோரியல் எடுக்க விடுவார்கள். பேப்பர் திருத்துவதும் அவர்கள்தான். அதற்குப் பதிலாகப் படிப்புக் கட்டணம் கிடையாது. ஜி.டி.ஏ. என்று அந்த வேலைக்குப் பெயர். பொதுச் சுகாதாரப் பிரிவில் இரண்டு ஜி.டி.ஏ.க்கள். செவ்வாய்க்கிழமை முப்பது பிள்ளைகள் சிந்துஜாவுக்கு, வியாழக்கிழமை முப்பது பேர் ருமானாவுக்கு. நோய் எங்கிருந்து கிளம்பி யார் யாருக்குப் போனது என்று கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்கிற பாடம். இருவருக்கும் ஒரே பாடம், ஒரே கேள்வித்தாள்.

மூன்றாவது வாரமே பாடப் பொறுப்பாளர் டாக்டர் தனலெட்சுமி இரண்டு பேரையும் உட்கார வைத்துச் சொல்லிவிட்டார். "அடுத்த வருஷம் ஒரு ஜி.டி.ஏ. இடம்தான். ரெண்டு பேரும் அப்ளை பண்ணுங்க. செமஸ்டர் முடிவுல சொல்றேன்."

அந்த இடம் கிடைக்காவிட்டால் சிந்துஜா ஆராய்ச்சியைப் பாதியில் மூட்டை கட்ட வேண்டியதுதான். அப்பாவிடம் போய் 'முடியலப்பா' என்று சொல்லணும். அவர் திட்டமாட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அந்தத் துடைப்புக்குத் திட்டே தேவலை.

ருமானாவுக்கு இருபத்தேழு வயது. கிள்ளான் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் அவள் அப்பா கிஃபாயத்துல்லா சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார். கல்லாவில் உட்கார்ந்தே வளர்ந்தவள், யாரிடமும் பேசிவிடுவாள். பார்க்கிங் காவலாளிக்கு எத்தனை பிள்ளைகள் என்பது அவளுக்குத் தெரியும். அந்தக் காவலாளிக்கு இரண்டு வருஷமாக 'மார்னிங்' சொல்லிக்கொண்டு போகிற சிந்துஜாவுக்கு அவர் பெயரே தெரியாது. இதுகூடப் பரவாயில்லை. வாய் திறந்தால் அக்கா. "அக்கா, ஸ்டேப்ளர் எடுத்துக்கவாக்கா?" "அக்கா, உங்க பேனா கீழே விழுந்துருச்சுக்கா." ஒரு வரிக்கு இரண்டு அக்கா. போட்டிக்காரி நம்மை அக்கா என்று கூப்பிட்டால் சண்டையும் போட முடியாது.

ஜி.டி.ஏ. அறைக்கும் டியூட்டோரியல் அறைக்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்புதான். வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு அந்தப் பக்கம் ருமானா பாடம் எடுப்பாள். இந்தப் பக்கம் சிந்துஜா கம்ப்யூட்டரைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு எழுத்தும் அடிக்காமல் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

"கணக்கு முடிஞ்சுதா? ஆன்சர் வந்துருச்சா? இன்னும் முடியலை லா," என்பாள் ருமானா. "எங்க கடையில நாலாம் டேபிள்ல ஒரு அங்கிள் டெய்லி வருவாரு. ஸ்கூல் பக்கமே போகாதவரு. அவரு உங்களைக் கேக்கறாரு, 'சரி பாப்பா, இதனால என்ன?' அவருக்கு ஒரே வரியில சொல்லணும். பர்சன்ட் கூடாது, பெரிய வார்த்தை கூடாது. விரல் விட்டு எண்ணற மாதிரி சொல்லுங்க."

பிள்ளைகள் ஒவ்வொருவராக எதையாவது சொல்லும். சிரிப்பு கிளம்பும். தடுப்பே அதிரும்.

சிந்துஜாவின் செவ்வாய்க்கிழமை வகுப்பில் யாரும் சிரித்ததில்லை. அதற்காக அவள் மோசமான ஆசிரியை என்று யாராவது சொன்னால் நான் சும்மா இருக்கமாட்டேன். அவள் வகுப்பில் குழப்பம் கிடையாது. அட்டவணையை எப்படிப் போடுவது, எந்த எண் எந்தக் கட்டத்தில் உட்காரணும், மொத்தத்துக்குக் கீழே அப்பா இழுத்த மாதிரியே ஸ்கேல் வைத்து இரட்டைக்கோடு. கோடு கோணலாக இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுவாள். பிள்ளைகள் மூச்சுவிடாமல் எழுதும். அவளைக் கண்டால் பயம், கொஞ்சம் மரியாதை. அன்பு இருந்ததா என்று கேட்டால், அதை அவள் எண்ணிப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். இரண்டு வகுப்புக்கும் பொதுவான வாட்ஸாப்பில் ருமானா போட்ட ஒரு செய்திக்கு முப்பத்துநான்கு பேர் இதயம் போட்டிருந்தார்கள். இவள் போட்டதற்கு ஏழு. முப்பத்துநான்கு எப்படி வரும்? ருமானாவிடம் இருப்பது முப்பது பேர்தானே. அப்படியென்றால் நாலு பேர் நம் ஆட்கள். அன்றைக்கு மத்தியானம் சாப்பாடு இறங்கவில்லை.

ஒருநாள் ஷாமினி ருமானாவின் மேசையில் ஒரு டப்பா கேக் வைத்துவிட்டுப் போவதைப் பார்த்தாள். ஷாமினி செவ்வாய்க்கிழமை வகுப்பில் முதல் வரிசை, சாலாக் செலாத்தான் பெண், கோடு கோணாமல் இழுப்பவள். சிந்துஜாவுக்குப் பிடித்த ஒரே மாணவி என்றுகூடச் சொல்லலாம். இவளைப் பார்த்ததும் ஷாமினி, "சும்மா மிஸ், எக்ஸ்ட்ரா இருந்துச்சு," என்று முழித்தாள். எக்ஸ்ட்ரா இருந்தால் பக்கத்து மேசை கண்ணுக்குத் தெரியாதா? சிந்துஜா சிரித்து வைத்தாள். உள்ளே புகைந்தது.

ஒன்பதாவது வாரம் தேர்வு வந்தது. பெரிய கேள்வி இதுதான். ரவாங்கில் ஒரு விருந்து, சாப்பிட்டவர்கள் எண்பது பேர், நாற்பத்தாறு பேருக்கு வயிற்றுப்போக்கு. இறால் சம்பால் சாப்பிட்ட ஐம்பது பேரில் நாற்பது பேர் படுத்துவிட்டார்கள். சாப்பிடாத முப்பது பேரில் ஆறு பேர். குற்றவாளி யார் என்று அட்டவணை போட்டு, கணக்குச் செய்து, விளக்கம் எழுதணும். சம்பால் சாப்பிட்டவர்களுக்கு ஆபத்து நாலு மடங்கு, அவ்வளவுதான் விடை.

அறுபது விடைத்தாள்களிலும் பெயர் எழுதின ஓரத்தை மடித்து ஸ்டேப்ளர் அடித்துக் கலக்கிவிடுவார்கள். ஆளுக்கு முப்பது. எது யாருடைய பிள்ளை என்று திருத்துகிறவருக்குத் தெரியக்கூடாது. ஏன் தெரியக்கூடாது என்பதை ஆறாவது வாரம் சிந்துஜாவே பாடம் நடத்தியிருந்தாள். "மருந்து எந்த நோயாளிக்குப் போச்சுன்னு டாக்டருக்குத் தெரிஞ்சா அவர் பார்வையே மாறிடும். அவர் கெட்டவர்னு அர்த்தம் இல்லை. கண்ணு அப்படித்தான். அதனாலதான் மறைக்கிறோம்." போர்டில் பெரிதாக எழுதி அடிக்கோடும் போட்டாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம், வெளியே நல்ல மழை. அறையில் அவள் மட்டும். ஐந்தாவது தாளைத் திருப்பினாள். கணக்கு முடிந்து விளக்கமும் முடிந்து, கீழே தனியாக ஒரு வரி: 'சம்பால் சாப்பிட்ட பத்துப் பேரில் எட்டுப் பேருக்கு வயிற்றுப்போக்கு, தொடாத பத்துப் பேரில் இரண்டே பேருக்கு.'

நாலாம் டேபிள் அங்கிள்! பெயரை மடித்து என்ன பிரயோசனம்? ருமானாவின் பிள்ளை நெற்றியில் எழுதி ஒட்டிக்கொண்டு வந்து நிற்கிறதே.

சிந்துஜா ஏமாற்றவில்லை. அப்படித்தான் அவள் தனக்குச் சொல்லிக்கொண்டாள். மார்க் போடும் விதிமுறைத் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே திருத்தினாள். அந்தக் கடைசி வரிக்கு விதியில் மார்க் இல்லை, சரி, போடவில்லை. ஆனால் அந்த வரியைப் பார்த்த பிறகு மேலே போய் மற்றதையும் மறுபடி பார்த்தாள். அட்டவணையில் குறை கண்டுபிடிக்க முடியவில்லை, அது இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. வகுத்துக் காட்டும் படி ஒன்றை எழுதாமல் விட்டிருக்கிறதா? அரை மார்க். 'ஆபத்து' என்பதற்குப் பதில் 'வாய்ப்பு' என்று எழுதியிருக்கிறதா? ஒரு மார்க். அந்த வரி இல்லாத தாள்களில் இதே குறை வந்தால், பாவம், அவசரத்தில் விட்டிருக்கும் என்று கை தாராளமாகப் போனது. முப்பதில் பதினாலு தாளில் அந்த வரி இருந்தது. பதினாலிலும் சிவப்புப் பேனா கோழி கிளறின மாதிரி கிளறியது. ஒன்பது பேர் ஃபெயில்.

செய்யும்போது அவளுக்குத் தெரியுமா என்றால், தெரியும். ஏழாவது தாளிலேயே கை ஒரு முறை நின்றது. தடுப்புக்கு அந்தப் பக்கத்துச் சிரிப்பு ஞாபகம் வந்தது, கை மறுபடி ஓடியது.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் சிந்துஜாவுக்குப் பசித்தது. இரண்டு தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். பூமணி அகப்பையோடு நின்று மகளை ஒரு மாதிரி பார்த்தார்.

ஃபெயில் ஆன தாள்களை மற்ற ஜி.டி.ஏ. இரண்டாம் முறை திருத்தணும் என்பது டிபார்ட்மென்ட் விதி. இரண்டு மார்க்கையும் போட்ட பிறகு மடிப்பைப் பிரித்துப் பெயரைப் பதியலாம். திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்கு ருமானா அந்த ஒன்பது தாளையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அறைக்குள் வந்தாள். கண் சிவந்திருந்தது. உட்காரவில்லை.

"அக்கா, நான் மார்க் போடலைக்கா. கை வரலை."

"ஏன்?"

"ஒன்பதும் என்னோட வரிக்கா. ஃபெயில் ஆனது பூரா நான் சொல்லிக் கொடுத்த வரி." தாள்களை மேசையில் வைத்தாள். "நான் பாஸ் போட்டா என் பிள்ளைங்களுக்கு நானே போட்ட மாதிரி ஆயிடும். நீங்க எங்கெங்க குறைச்சீங்கன்னு பார்த்தேன். எல்லாத்துக்கும் காரணம் எழுதியிருக்கீங்க. அப்ப தப்பு என்கிட்டதான். கதை சொல்லிச் சொல்லி, ஒழுங்கா எழுத வேண்டியதை எழுத விடாம கெடுத்துட்டேன் போல."

சிந்துஜா தாள்களைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"டாக்டர் தனலெட்சுமிகிட்ட சொல்லிடப் போறேன்க்கா. அடுத்த வருஷத்துக்கு என் அப்ளிகேஷனை வாபஸ் வாங்கிக்கறேன். பாடம் நடத்தத் தெரியாதவ அந்த இடத்துல உட்காரக் கூடாது. நீங்க இருங்க."

கேட்டுக்கொள்ளுங்கள், சிந்துஜாவின் மனசில் அந்த நிமிஷம் வந்தது சந்தோஷம். வெட்கம் பிறகு வந்தது. முதலில் வந்தது சந்தோஷம்தான், பச்சையாக, ஜனகாவுக்கு ஒரு வருஷம் கணக்கில் 'பி' வந்தபோது வந்த அதே சந்தோஷம். அப்பா கண்ணாடியைக் கழற்றத் தேவையில்லை. இவள் வாயை மூடிக்கொண்டு ஐந்து நிமிஷம் இருந்தால் போதும்.

"முதல் தடவைதானே, பரவாயில்ல," என்று வேறு சொன்னாள். ஆறுதலாம். "நான் போட்டதையே ரெண்டாவது மார்க்கா வெச்சுக்கலாம். பெயரைப் பதிஞ்சிடலாம், வா."

ஸ்டேப்ளர் பின்னை நகத்தால் நெம்பி முதல் மடிப்பைப் பிரித்தாள். ஷாமினி.

தப்பாகப் பார்த்துவிட்டோம் என்று மாணவர் மெட்ரிக் எண்ணைப் பட்டியலில் தேடினாள். ஷாமினிதான், செவ்வாய்க்கிழமை, முதல் வரிசை. இருபதுக்கு எட்டரை. அடுத்ததைப் பிரித்தாள். லோகன், செவ்வாய்க்கிழமை. அடுத்தது தாமரை, அதுவும் செவ்வாய். நாலாவதுதான் வியாழன். ஒன்பதும் பிரித்து முடித்தபோது ஏழு பேர் சிந்துஜாவின் பிள்ளைகள். ருமானாவின் பிள்ளைகள் இரண்டே பேர்.

"இவங்க எப்படி உன் வரியை எழுதினாங்க?" குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது.

ருமானா கையைப் பிசைந்தாள். "சொல்லக் கூடாதுன்னு சொன்னாங்கக்கா. ரெண்டு மாசமா, சனிக்கிழமை காலையில கோமுட்டர் ரயில் ஏறி கிள்ளானுக்கு வருவாங்க. கடையில மேல் மாடி சும்மாதான் கிடக்கு. அங்க உட்கார்ந்து படிப்போம். முதல்ல ஷாமினி மட்டும் வந்தா. அப்புறம் ஒவ்வொருத்தரா... உங்களுக்குத் தெரிஞ்சா மனசு கஷ்டப்படுவீங்கன்னு ஷாமினிதான் பயந்தா."

இரண்டு மாசமாக! சாலாக் செலாத்தானிலிருந்து கிள்ளானுக்கு ரயில் ஏறிப் போய், தன்னை விட்டுவிட்டு இவளிடம் படித்திருக்கிறார்கள். சிந்துஜாவுக்கு உடம்பெல்லாம் காந்தியது. அந்த ஏழு பேரை நினைத்துப் பாவம் என்று தோன்றுவதற்கு முன்னால், துரோகிகள் என்று தோன்றியது. தன்னிடம் ஒரு சந்தேகம் கேட்க இந்தப் பிள்ளைகளுக்கு வாய் வரவில்லையா?

"ஆனா அக்கா, பாடத்துக்கு அவங்க வரலைக்கா," என்றாள் ருமானா. "கணக்கு, டேபிள் எல்லாம் உங்க முறைதான். நான் வேற மாதிரி காட்டினாக்கூட மாட்டேங்கறாங்க. 'எங்க மிஸ் இப்படித்தான் போடுவாங்க'ன்னு ஸ்கேலைத் தூக்கிட்டு வந்துடுவாங்க. பாருங்க, கோட்டைப் பாருங்க. அந்தக் கடைசி ஒரு வரிக்கு மட்டும்தான் என்கிட்ட வந்தாங்க."

சிந்துஜா ஷாமினியின் தாளைப் பார்த்தாள். எண்பது என்ற மொத்தத்துக்குக் கீழே ஸ்கேல் வைத்து இழுத்த இரட்டைக்கோடு. லோகனின் தாளில் இரட்டைக்கோடு. தாமரை ஒரு முறை கோணலாக இழுத்து, அழித்து, மறுபடி நேராக இழுத்திருந்தாள். ஏழு தாளிலும் அது இருந்தது. வெள்ளிக்கிழமை மத்தியானம் முழுக்கக் கண் முன்னால் இருந்தது. சுகாதார இலாகா ரெஜிஸ்டரிலிருந்து அப்பா கையால் அவளுக்கு வந்து, அவளிடமிருந்து இந்தப் பிள்ளைகளுக்குப் போன கோடு. அதை அவள் பார்க்கவே இல்லை. கீழே இருந்த ஒரு வரியைப் பார்த்தே கண் நிறைந்துபோயிருந்தது.

"உங்க பிள்ளைங்களையும் சேர்த்துக் கெடுத்துட்டேன்," என்று ருமானா சொல்லிக்கொண்டிருந்தாள். "ஷாமினிக்கு இந்தப் பாடம் போச்சுன்னா அடுத்த செமஸ்டர் கிளினிக் பயிற்சிக்கு அனுப்பமாட்டாங்க. ஒரு வருஷம் வீண். நான் இப்பவே டாக்டரைப் பார்த்துட்டு வரேன்க்கா."

கதவுப் பிடியில் கை வைத்துவிட்டாள். இப்போதும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. போக விட்டால் அடுத்த வருஷ இடம் சிந்துஜாவுடையது. ஏழு பிள்ளைகள் ஒரு வருஷம் பின்னால் நிற்கும், ருமானா தன்னைத் தானே குறை சொல்லிக்கொண்டு கிள்ளானுக்கு ரயில் ஏறுவாள், யாருக்கும் எதுவும் தெரியாது.

"போகாதே," என்றாள் சிந்துஜா. "நீ சொல்லிக் கொடுத்ததுல தப்பு இல்லை. நான் திருத்தினதுல தப்பு."

"இல்லக்கா, நீங்க காரணம் எழுதியிருக்கீங்களே..."

"காரணம் தேடி எழுதினேன். ஒன்பது இல்லை, பதினாலு. பாஸ் ஆன அஞ்சு தாள் அந்தக் கட்டுல இருக்கு, அதுலயும் குறைச்சிருக்கேன்."

ருமானாவுக்கு உடனே விளங்கவில்லை. திரும்பி வந்து நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். மேசையில் கிடந்த தாள்களையும் சிந்துஜாவையும் மாறி மாறிப் பார்த்தாள். கொஞ்ச நேரம் கழித்து எழுந்துபோய் அலமாரியிலிருந்து மார்க் மாற்றும் அச்சுப் படிவம், 'பாரம்' என்பார்கள், அதை எடுத்து வந்து முன்னால் வைத்தாள். பேனாவையும் வைத்தாள்.

அந்தப் பாரத்தில் 'காரணம்' என்று ஒரு சின்னக் கட்டம் உண்டு. பாரத்தைப் படிக்கப் போகிறவர் டாக்டர் தனலெட்சுமி. படித்த பிறகு அந்த ஓர் இடம் யாருக்கு என்று அவர் யோசிக்கவே வேண்டியிருக்காது. சிந்துஜா ஆங்கிலத்தில் அழகாக எழுதினாள். முதல் மதிப்பீட்டில் தரப்படுத்தலில் ஏற்பட்ட சீரின்மை காரணமாக மறுமதிப்பீடு பரிந்துரைக்கப்படுகிறது என்ற பொருளில் ஒரு நீளமான வாக்கியம். கட்டம் நிறைந்துவிட்டது. பொய் ஒன்றும் இல்லை.

ருமானா அதை வாங்கிப் படித்தாள். திருப்பி வைத்தாள்.

"நாலாம் டேபிள் அங்கிளுக்குப் புரியாது."

சிந்துஜாவுக்குச் சுரீர் என்று கோபம் வந்தது. எனக்கே பாடமா? ஆனால் ருமானா சொன்னது சரி, அதுதான் இன்னும் எரிந்தது. புதுப் பாரம் ஒன்றை எடுத்தாள். பேனா முதல் எழுத்திலேயே நின்றது. பிறகு எழுதினாள். தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: 'இந்தப் பதினாலு பேரும் ருமானாவின் பிள்ளைகள் என்று நினைத்து, பொறாமையில் மார்க்கைக் குறைத்தேன்.'

எழுதி முடித்து அந்த வரியைத் தானே ஒரு தடவை படித்துப் பார்த்தாள். பள்ளிக்கூடம் பக்கம் போகாதவருக்கும் புரியும். இந்த வித்தை மட்டும் நமக்கு ஏன் முதலிலேயே வரவில்லை என்று, அப்போதும், அந்த நிமிஷத்திலும், அவளுக்கு வயிறு எரிந்தது. கையெழுத்துப் போட்டுத் தேதியும் போட்டாள்.

ருமானா பாரத்தை எடுத்து மெதுவாகப் படித்தாள். பதினாலு தாளையும் அடுக்கி அதன் மேல் பாரத்தை வைத்துக் கிளிப் மாட்டினாள்.

"இப்பப் புரியுது," என்றாள்.

அக்கா என்று சொல்லவில்லை.